பாலைச் செடிகளின் காலநிலை வரம்பை இரு நிலப்பகுதிகளுக்கிடையே ஒப்பிடுவது எப்படி? செட்டிநாட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் கண்மாய்க் கரையில் நிற்கும் வேலிகாத்தானும், மெக்சிகோவின் வறண்ட கடற்கரையில் நிற்கும் அதே இனமும் ஒரே அளவு வெப்பத்தையும் மழையையும்தான் தாங்கி வாழ்கின்றனவா? முதுகலைத் திட்டக் கட்டுரைக்கு இப்படியொரு கேள்வியை எடுத்துக்கொள்ள நினைக்கும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். முறை அவ்வளவு கடினமானதல்ல. ஆனால் கிடைக்கிற பாடக் குறிப்புகள் பலவும் நடுவிலிருந்து தொடங்குகின்றன. முதல் பாதியை நாமே முட்டி மோதிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதிலேயே ஒரு பருவத்தின் பெரும்பகுதி போயிற்று. உங்களுக்கு அது மிச்சமாகட்டும்.

தேவையானவை: 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி, இணையம், ஒரு மின்னஞ்சல் முகவரி, துறைத் தலைவர் கையொப்பமிட்ட கடிதம். மென்பொருளுக்கும் தரவுக்கும் ஒரு பைசா செலவில்லை. காசு கேட்டு யாராவது ‘தரவுத் தொகுப்பு’ விற்க வந்தால் வாங்காதீர்கள்.

1. செடியைத் தேர்ந்தெடுங்கள், அதன் எல்லாப் பெயர்களையும் எழுதி வையுங்கள்

தொடக்கக்காரருக்கு மூன்று வகைச் செடிகள் ஒத்துவரும். முதலாவது, மனிதர்கள் கொண்டுபோய்ப் பரப்பியவை. சீமைக் கருவேலம் என்கிற வேலிகாத்தான் இதில் அடங்கும். இரண்டாவது, இயற்கையாகவே பிரிந்து கிடப்பவை. வட அமெரிக்கப் பாலைகளின் கிரியோசோட் புதரான லாரியா டிரைடென்டாட்டாவும், அர்ஜென்டினாப் பக்கத்து லாரியா டைவரிகாட்டாவும் நெருங்கிய உறவினங்கள். நடுவே வெப்பமண்டலத்தில் நீண்ட இடைவெளி. மூன்றாவது, ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, தார் வழியாக இராமநாதபுரக் கடற்கரை வரை அங்கங்கே தலைகாட்டும் உகாய் போன்றவை. என்னைக் கேட்டால் முதல் திட்டத்துக்கு வேலிகாத்தானே நல்லது. தாயகமும் வந்தேறிய இடமும் தெளிவாக இருக்கின்றன. களத்தைப் பார்க்க ஊரைவிட்டு வெளியே போகவும் வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் செடியின் பெயர் ஒரு பொறி. 2022இல் புரோசோபிஸ் என்ற பேரினத்தைப் பிரித்து, அமெரிக்க இனங்கள் பலவற்றை நெல்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். ஆகவே புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா, நெல்டுமா ஜூலிஃப்ளோரா இரண்டையும் தேட வேண்டும். அதைவிடப் பெரிய பொறி பழைய வகைப்பாடு. டெக்சாஸ் பக்கத்து கிளாண்டுலோசாவையும் அரிசோனாவின் வெலுட்டினாவையும் முன்பு ஜூலிஃப்ளோராவின் உள்வகைகளாகவே எழுதிவந்தார்கள். கிளாண்டுலோசா உறைபனியைத் தாங்கும். நம்முடைய ஜூலிஃப்ளோரா தாங்காது. பழைய பெயரோடு அந்தப் பதிவுகள் உங்கள் பட்டியலில் கலந்துவிட்டால், தாயகத்தின் வரம்பு கடுங்குளிர் வரை நீண்டதாகத் தெரியும். பிறகு, ‘தமிழ்நாட்டுக்கு வந்த செடி தன் குளிர் வரம்பைக் கைவிட்டுவிட்டது’ என்று படம் போட்டு முடிவு எழுதுவீர்கள். அதில் செடியின் பங்கு எதுவும் இல்லை, பெயர்க் குழப்பம்தான் முழுவதும். பெரு, எக்குவடோர்ப் பக்கத்து பாலிடாவும் இதே போல் கலந்து கிடக்கிறது.

எருக்கை எடுப்பவர்களும் இப்படியே கவனிக்க வேண்டும். நம் தெருவோரத்தில் அதிகம் நிற்பது கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா. உலகின் வறண்ட பகுதிகளில் பரவிப் பெயரெடுத்தது கலோட்ரோபிஸ் புரோசெரா. கைபேசிப் படத்தை வைத்துப் பெயரிடுகிறவர்கள் இரண்டையும் மாற்றிப் போடுவது சாதாரணம்.

2. பதிவுகளை இறக்குங்கள்

ஒரு செடி எங்கெங்கே பார்க்கப்பட்டது என்ற பதிவுகளுக்கு ஜிபிஐஎஃப் எனப்படும் உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பின் தளத்துக்குச் செல்லுங்கள். தேடிப் பார்க்கக் கணக்கு வேண்டாம். இறக்கக் கணக்கு வேண்டும். வடிகட்டிகளில், ஆயங்கள் (அட்சமும் தீர்க்கமும்) உள்ள பதிவுகள் மட்டும், இடக் குறைபாடு இல்லாதவை மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். தாயகம், வந்தேறிய பகுதி இரண்டையும் தனித்தனியாக இறக்காதீர்கள். ஒரே இறக்கமாக எடுத்துப் பிறகு பிரித்துக்கொண்டால் ஒரே டிஓஐ எண்ணைச் (தரவுக்கு இடப்படும் நிலையான அடையாள எண்) சுட்டினால் போதும்.

கேட்டவுடன் கோப்பு வராது. சில நிமிடங்களும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். தயாரானதும் மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். அதிலிருக்கும் டிஓஐ எண்ணைத்தான் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். எங்கும் சுட்டப்படாத இறக்கக் கோப்புகளை ஆறு மாதத்துக்குப் பின் தளத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். உங்கள் வாய்மொழித் தேர்வு தள்ளிப்போகும் என்று தெரிந்தால், தளத்திலேயே அந்தக் காலத்தை நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது.

வந்த கோப்பை எக்செல்லில் திறக்கிற பழக்கம் வேண்டாம். பெயரில் சிஎஸ்வி என்றிருந்தாலும் உள்ளே புலங்களைப் பிரிப்பது தாவல் குறிதான், காற்புள்ளி அல்ல. தவிர, எக்செல் 10,48,576 வரிகளுக்கு மேல் காட்டாது. நேராக, ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் படியுங்கள். கோப்புறைக்கு ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சில தொகுப்புகள் முரண்டு பிடிக்கும்.

3. சுத்தம் செய்யுங்கள்

இந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரு மாலையில் முடித்துவிட்டேன் என்பவர்களின் வரைபடத்தில் கடலுக்கு நடுவே கருவேலம் நிற்கும்.

நீக்க வேண்டியவை இவை: அட்சம், தீர்க்கம் இரண்டும் சுழியாக உள்ளவை, ஒரு நாட்டின் நடுப்புள்ளியிலோ தலைநகரத்திலோ குத்தப்பட்டவை, தாவரவியல் பூங்காவில் வளர்த்தவை, புதைபடிவங்கள், இடத் துல்லியம் 5 கிலோமீட்டருக்கு மேல் தளர்வாக உள்ளவை, ஒரே இடத்தில் இரட்டித்தவை. ஒரு செடி சேகரிக்கப்பட்ட இடத்துக்குப் பதிலாக, உலர்தாள் (செடியை உலர்த்தி ஒட்டிய தாள்) வைக்கப்பட்டிருக்கும் நிறுவனத்தின் ஆயம் பதிவாகியிருப்பதும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றை ஆர் மென்பொருளின் கோஆர்டினேட் கிளீனர் தொகுப்பு தானே கொடியிட்டுக் காட்டும்.

கொடி விழுந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடாதீர்கள். அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிய பதிவுகளை மீட்க முடியும். காரைக்குடி ஏறத்தாழ வடக்கு 10.07, கிழக்கு 78.78. இவை இடம் மாறினால் புள்ளி ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். இப்படிப்பட்டதை அடையாளம் கண்டு மாற்றிப் போடுங்கள். இந்தியப் பதிவுகள் குறைவாக இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் பொன்.

பொதுமக்கள் செடி, விலங்குப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் வழியாக வரும் பதிவுகளில் இன்னொரு சிக்கல். அருகிவரும் இனங்களின் இடத்தை அந்தத் தளம் வேண்டுமென்றே மறைத்து, 0.2 பாகைச் சதுரத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் புள்ளி வைக்கும். நம் பகுதியில் அது 20 கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள சதுரம். வேலிகாத்தானுக்கு இந்தத் தொல்லை இல்லை. அரிய கள்ளி இனங்களுக்கு உண்டு.

கடைசியாக, நிலப்படத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு பதிவு என்று மெலிதாக்குங்கள். அரிசோனாவில் ஆயிரக்கணக்கில் பதிவுகள் இருக்கும், சிவகங்கை மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணலாம். அங்கே செடி அதிகம் என்று அதற்குப் பொருளில்லை. படம் எடுத்துப் பதிவேற்றுகிறவர்கள் அதிகம். ஒரு பகுதியில் மெலிதாக்கிய பின் 30 பதிவுகள்கூடத் தேறாவிட்டால், என் கணிப்பில் இனத்தை மாற்றிக்கொள்வதே நல்லது.

4. உலர்தாவரத் தொகுப்பும் களமும்: கடிதங்கள்

இணையத்தில் இல்லாத பதிவுகள் உலர்தாள்களில் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் இருப்பது திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் தொகுப்பு. பெரியது, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கிறது. திருச்சிக்குக் காலையில் பஸ் ஏறினால் வேலை முடித்து இரவு வீடு திரும்பலாம். கோவைக்கு ஓர் இரவாவது தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். அது மத்திய அரசு அலுவலகம். சனி, ஞாயிறு பார்த்துப் போய் நிற்காதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை: துறைத் தலைவர் கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதம், கல்லூரி அடையாள அட்டை, பார்க்க வேண்டிய இனங்களின் பட்டியல் (பழைய பெயர்களையும் சேர்த்து), பென்சில். பேனாவை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க அனுமதி வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். நேரில் போய்க் கேட்டால் இன்னொரு கடிதம் கேட்பார்கள். இரண்டு வாரம் முன்னதாக மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகு கிளம்புங்கள்.

களத்தில், சாலையோரச் செடியைப் படமெடுத்து ஆயத்தைக் குறிக்க யாரிடமும் போக வேண்டாம். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும், ஆகவே அந்த அனுமதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். இலையையோ விதையையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால், சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படிக்காமல் ஓர் உறையைக்கூட ஒட்டாதீர்கள்.

கண்மாய்களுக்குள் இறங்க ஏற்ற காலம் பங்குனி முதல் ஆனி வரை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் உள்வாயில் கால் வைக்க முடியாது. கரிமூட்டம் போடுகிறவர்களிடம் பேசுங்கள். எந்தக் கண்மாயில் மரம் எந்த ஆண்டு வெட்டுப்பட்டது என்று அவர்கள் சொல்வார்கள். உலர்தாளில் அது இருக்காது.

5. காலநிலைத் தரவு

வேர்ல்டுகிளிம் என்ற உலகக் காலநிலைத் தரவின் 2.1 பதிப்பை எடுங்கள். 1970 முதல் 2000 வரையிலான சராசரி, 19 உயிர்க் காலநிலை மாறிகள் (வெப்பம், மழை ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட அளவுகள்). நான்கு நுணுக்க அளவுகளில் கிடைக்கும். 30 நொடி (இங்கே நொடி, நிமிடம் என்பவை பாகையின் பிரிவுகள், நேரம் அல்ல) அளவுக் கோப்பு 10 ஜிபியைத் தொடும்; நம் வேலைக்கு 2.5 நிமிட அளவு போதும், 1 ஜிபிக்குள் முடிந்துவிடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களைப் போல உலகம் சதுரம் சதுரமாகப் பிரிந்திருக்கும். ஒரு சதுரம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர், அதற்குள் ஒரே மதிப்பு. பழைய 1.4 பதிப்பில் வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி வைத்திருந்தார்கள். பாதி பழையது, பாதி புதியது என்று கலந்தால் காரைக்குடியின் சராசரி வெப்பம் 280 பாகைக்கு மேல் வரும். அப்படியாவது வந்தால் கண்ணில் பட்டுவிடும். குளிர்நாட்டில் 15 பாகை 1.5 பாகையின் பத்து மடங்காகவும் இருக்கலாம். அதை யாரும் கவனிப்பதில்லை.

19 மாறிகளையும் அள்ளிப் போடாதீர்கள். 8, 9, 18, 19 ஆகிய நான்கும் வெப்பத்தையும் மழையையும் பிணைத்துக் கணக்கிடப்பட்டவை. அவற்றில் அடுத்தடுத்த சதுரங்களுக்கிடையே செயற்கையான குதிப்பு வரும். காரணத்தை நம் மாநிலத்திலேயே காணலாம். எட்டாவது மாறி, அதிக மழை பெய்யும் மூன்று மாதங்களின் சராசரி வெப்பம். செட்டிநாட்டில் அந்த மூன்று மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம். மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போகப் போக ஏதோ ஒரு சதுரத்தில் அது சட்டென்று தென்மேற்குப் பருவத்துக்கு மாறும். காலநிலை அங்கே அப்படி உடைந்து கிடக்கவில்லை, கணக்கிடும் முறைதான் உடைகிறது.

ஆனாலும் மழை எப்போது பெய்கிறது என்பது பாலைச் செடிக்கு உயிர்நாடி. செட்டிநாட்டில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை. எண்ணை மட்டும் பார்த்தால் இது பாலையே அல்ல. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்து, மாசிக்குப் பின் மண் வெடிக்கிறது. வட அமெரிக்காவின் மொஹாவிப் பாலையில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில், சிவாவாப் பாலையில் கோடையில், இரண்டிலும் கிரியோசோட் புதர் நிற்கிறது. வெறும் ஆண்டு மழையை வைத்தால் இந்த வேறுபாடு காணாமல் போகும். ஆகவே மாத மழைக் கோப்புகள் பன்னிரண்டையும் இறக்கி, வெப்பமான ஆறு மாதத்தில் பெய்யும் பங்கு எவ்வளவு என்று நீங்களே ஒரு மாறி செய்துகொள்ளுங்கள். தென் அரைக்கோளத்துக்கு மாதங்களைத் திருப்பிப் போட மறக்கக் கூடாது; அர்ஜென்டினாவுக்கு ஜனவரிதான் கோடை.

6. பின்னணிப் பகுதியை வரையுங்கள்

முழுத் திட்டத்தின் தலையெழுத்தும் இந்தப் படியில் இருக்கிறது. பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

ஒப்பீட்டு முறை செடி இருக்கும் புள்ளிகளை மட்டும் பார்ப்பதில்லை. அந்தச் செடி எட்டக்கூடிய பரப்பு முழுவதிலும் (அதுதான் பின்னணிப் பகுதி) எந்தெந்தக் காலநிலை கிடைக்கிறது என்பதையும் கேட்கிறது. வேலிகாத்தானுக்குத் தமிழ்நாட்டில் உறைபனி நிலத்தில் பதிவு இல்லை என்பது செடியைப் பற்றிய செய்தி அல்ல. இங்கே சமவெளியில் உறைபனியே இல்லை. செடி வேறுபட்டதா, கிடைக்கும் நிலம் வேறுபட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாத எந்த முடிவையும் எழுதாதீர்கள்.

நடைமுறையில், நாட்டு எல்லையையோ கண்ட எல்லையையோ பின்னணியாக வைக்காதீர்கள். லாரியாவுக்குத் தென் அமெரிக்கா முழுவதையும் வைத்தால் அமேசான் மழைக்காடும் உள்ளே வந்துவிடும். அதன் பிறகு எந்த இரண்டு பாலைச் செடியை ஒப்பிட்டாலும் ஒன்றுபோலவே தெரியும். பதிவுகள் விழுகிற சூழல் மண்டலங்களை (ஒரே வகைத் தட்பவெப்பமும் தாவரங்களும் உள்ள பரப்புகள்) மட்டும் எடுத்து, அதைச் சுற்றி ஒரு விளிம்பு கொடுங்கள். எந்த அளவு விளிம்பு என்பதற்கு ஒரே விடை இல்லை. ஆகவே இரண்டு மூன்று அளவுகளில் ஓட்டி, முடிவு மாறுகிறதா என்று காட்டுங்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி இங்கிருந்துதான் வரும்.

7. ஓட்டுங்கள்

ஆர் மென்பொருளில் ஈகோஸ்பாட், ஏடிஇ4, டெர்ரா ஆகிய மூன்று தொகுப்புகள் போதும். இணையத்தில் கிடைக்கும் பழைய நிரல்கள் பலவும் ஆர்ஜிடால் என்ற தொகுப்பை அழைக்கும். அது 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றுவிட்டது. அதை நிறுவ முயன்று ஒரு நாளை வீணாக்காமல் டெர்ராவுக்கு மாறுங்கள். ஈகோஸ்பாட்டிலும் பதிப்புக்குப் பதிப்பு சில கட்டளைச் சொற்கள் மாறியிருக்கின்றன. உங்களிடம் உள்ள பதிப்பின் உதவிப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

இரு பகுதிகளின் பின்னணியையும் சேர்த்து முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு (பல மாறிகளைச் சில அச்சுகளாகச் சுருக்கும் முறை) செய்யுங்கள். முதல் இரண்டு அச்சுகளின் தளத்தில் இரு பகுதிச் செடிகளின் அடர்த்தியையும் பரப்புங்கள். பிறகு, இரண்டு அடர்த்திகளும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என்று சொல்லும் ஷோனர் டி அளவைக் கணக்கிடுங்கள். சுழி என்றால் ஒட்டே இல்லை. ஒன்று என்றால் முழுப் பொருத்தம். அதன் பின் ஒப்புமைச் சோதனை: இந்தப் பொருத்தம் தற்செயலாகக் கிடைப்பதைவிட அதிகமா என்று அது கேட்கும். முதலில் 100 சுற்று ஓட்டிப் பிழையில்லை என்று தெரிந்த பிறகு 1000 சுற்றுக்குப் போங்கள். அதை இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்குங்கள். மின்தடை வந்தாலும் கெடாதபடி மடிக்கணினியின் மின்கலம் நன்றாக இருக்கட்டும்.

சமத்துவச் சோதனை என்று இன்னொன்று உண்டு. இரண்டும் அச்சு அசலாக ஒன்றா என்று அது கேட்கும். பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும். அதை மட்டும் வைத்து ‘வரம்பு மாறிவிட்டது’ என்று எழுதுவது ஆசிரியரை வலிய வம்புக்கு இழுப்பது.

8. எண்ணை வாசியுங்கள்

டி மதிப்போடு மூன்று பங்குகளையும் கொடுங்கள்: இரு பகுதிக்கும் பொதுவான நிலைத்த பங்கு, புதிய இடத்தில் மட்டும் காணும் விரிவு, தாயகத்தில் இருந்தும் புதிய இடத்தில் இன்னும் நிரம்பாத பங்கு. இந்த மூன்றையும் இரு பகுதியிலும் கிடைக்கும் காலநிலைக்குள் மட்டும் கணக்கிட்டு ஒரு முறை, முழுவதற்கும் ஒரு முறை என்று காட்டுவது நல்லது.

விரிவு பெரிதாக வந்தால் மகிழ்ந்துவிடாமல் சந்தேகப்படுங்கள். 2012இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, யூரேசியா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுக்கிடையே பரவிய 50 செடி இனங்களை ஒப்பிட்டது. புதிய இடத்துப் பரவலில் 10 சதவீதத்துக்கு மேல் பழைய வரம்புக்கு வெளியே போயிருந்தவை 15 சதவீதத்துக்கும் குறைவான இனங்களே. உங்கள் செடி பெரிய விதிவிலக்காகத் தெரிந்தால் முதலில் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்து, காலநிலை அல்லாத காரணங்கள். வேலிகாத்தான் மழையை மட்டும் குடிக்கிற மரமல்ல. அதன் உறவினமான வெலுட்டினாவின் வேரை அரிசோனாவின் சுரங்கம் ஒன்றில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் அது கண்மாய் உள்வாயிலும் ஊருணிக் கரையிலும் நிலத்தடி ஈரத்தைப் பிடித்து நிற்கிறது. 4.5 கிலோமீட்டர்ச் சதுரத்துக்குக் கண்மாய் தெரியாது. ஆகவே களக்குறிப்பில் ‘நீர்நிலையை ஒட்டி’, ‘மேட்டு நிலம்’ என்று ஒரு புலம் வைத்துக்கொண்டு, மேட்டு நிலப் புள்ளிகளை மட்டும் வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

நேர்மாறான பொறி சப்பாத்திக்கள்ளியில் இருக்கிறது. தென்னிந்தியாவில் அதை அழித்தொழிக்க 1926இல் இலங்கையிலிருந்து ஒரு செதில் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். இன்று ஓரிடத்தில் கள்ளி இல்லையென்றால் வெயிலையும் மழையையும் காரணமாகக் காட்டும் முன் அந்தப் பூச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. காலக் கணக்கும் ஒப்படைப்பும்

ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டுமானால், பெயரும் பதிவு இறக்கமும் முதல் இரண்டு வாரம். சுத்தம் ஒரு வாரம். உலர்தாவரத் தொகுப்புக்கான கடிதத்தை முதல் நாளே அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை காலநிலைக் கோப்புகளைப் பாருங்கள். பின்னணிக்கும் ஓட்டத்துக்கும் ஒரு மாதம். எழுத ஒரு மாதம். களவேலை கோடையில் விழும்படி பருவத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நல்லது. கைக்காசு போவது பஸ் கட்டணம், கோவையில் தங்குமிடம், இணையத் தரவு, அச்சு, கட்டுரைக்கு அட்டை கட்டுவது ஆகியவற்றுக்குத்தான். வண்ணப் படங்கள் உள்ள பக்கங்களை மட்டும் வண்ணத்தில் அச்சிடச் சொல்லுங்கள். கடையில் சொல்லாவிட்டால் முழுவதையும் வண்ணக் கணக்கில் போட்டுவிடுவார்கள்.

ஒப்படைக்கும் முன் நான்கைத் தனிக் கோப்புறையில் வையுங்கள்: சுத்தம் செய்யாத மூலப் பதிவு, சுத்தம் செய்த பதிவு, எதை ஏன் நீக்கினீர்கள் என்ற பட்டியல், நிரல். ஆர் பதிப்பையும் தொகுப்புகளின் பதிப்பையும் பின்னிணைப்பில் அச்சிடுங்கள். நீங்கள் எடுத்த களப் பதிவுகளை ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றும்போது உரிமத்தைப் பாருங்கள்: ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று விட்டுவிட்டால் அவை ஜிபிஐஎஃப் தளத்துக்குப் போகாது. சிவகங்கை மாவட்டத்தின் வெற்றிடம் அடுத்த ஆண்டும் வெற்றிடமாகவே இருக்கும்.